விபூதி போட்டுத் துலக்கிய வெள்ளி ரூபாய்: கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மாமியார் காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் துணியில் முடிந்து வைத்த 23 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. விக்டோரியா ராணி 1862 இரண்டு, ‘எம்ப்ரஸ்’ என்று எழுதியது ஆறு, எட்வர்டு ஐந்து, ஐந்தாம் ஜார்ஜ் ஆறு (ஒன்று 1911, மற்றவை 1912 முதல் 1919 வரை), ஆறாம் ஜார்ஜ் நான்கு. ஆறாம் ஜார்ஜில் ஒன்றின் தேதி மீது கறை. 1938-ஆ 1939-ஆ என்று தெரியவில்லை. மற்ற மூன்றும் 1942, 1944, 1945. இவை தவிரப் புலி போட்ட 1947 ரூபாய் ஒன்றும், ராமர் பட்டாபிஷேகம் பதித்த 1818 செப்புக் காசு ஒன்றும் உண்டு. போட்டோ எடுக்க நன்றாக இருக்கட்டும் என்று என் கணவர் 1862 இரண்டையும், 1911-ஐயும், எட்வர்டு மூன்றையும் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ‘அமெரிக்காவில் கிரேடிங் செய்தால் விலை பத்து மடங்காகும், காசுக்கு 5,500 ரூபாய் முன்பணம்’ என்கிறார். என் மகன் வேலை விஷயமாக அமெரிக்கா போகிறான். அவனிடமே கொடுத்து அனுப்பிவிடலாமா? 1862 காசு லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, உண்மையா? (பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுடைய பெட்டியில் இந்தக் காசுகளை வைத்து அனுப்பாதீர்கள். நமது நாட்டில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூறு ஆண்டு பழமையான நாணயம் அதன்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விற்பதற்காக இல்லை, கிரேடிங்கில் காசின் தரத்துக்கு நம்பர் போட்டு வாங்கி வரத்தான் என்று சொன்னாலும் செல்லாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கும் அதிகாரியிடம் ‘பாட்டி காசு சார்’ என்று பையன் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் முடிச்சில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால், கணக்குச் சுலபம். புழக்கத்துக்கான வெள்ளி ரூபாய் 1922 தேதியோடு நின்றது. அதற்கடுத்த புழக்க வெள்ளி ரூபாய் 1938 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ்தான். ஆகவே விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று உங்களிடம் உள்ள 19 காசும் நூறைத் தாண்டியவை. அவற்றுக்கு அமெரிக்கக் கதவு மூடியாயிற்று. மிச்சம் ஆறாம் ஜார்ஜ் நான்கு. அவற்றையும் அப்படியே கொண்டுபோகாமல், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. திரும்பி வரும்போது சுங்கத்துறை கேள்வி கேட்கும் என்பதால் போகும்போதே முறையாக எழுதிக்கொடுத்துப் போக வேண்டும்.

இத்தனை கெடுபிடி இருக்கும்போது அந்த வாட்ஸ்அப் நண்பர் 23 காசையும் எப்படி அனுப்பப் போகிறார்? அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாயால் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

சரி, கிரேடிங் என்றால் என்ன, பத்து மடங்கு என்பதில் எவ்வளவு உண்மை என்பதற்கு வருவோம்.

பெரிய நிறுவனங்கள் இரண்டு, இரண்டுமே அமெரிக்காவில்: 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் வந்த என்ஜிசி. அனுப்பிய காசு அசல்தானா, என்ன ரகம், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் வைத்து மூடித் தருவார்கள். சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்பார்கள். 1 என்றால் என்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரியும். 20, 30 எல்லாம் பல கை மாறிய, ஆனால் விவரங்கள் தெரிகிற காசு. 50-களில் இருப்பது லேசாகத்தான் புழங்கியிருக்கும். 60-க்கு மேல் போனால் புழக்கத்துக்கே வராதது. 70 என்றால் உருப்பெருக்கியில் பார்த்தாலும் குறை இல்லாதது.

இந்த 70 எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1949-இல் போட்ட அளவுகோல் அது. அவர் கணக்கில் எண் என்பதே விலை: மிக மோசமான காசு ஒரு பங்கு பெறும் என்றால் மிகச் சிறந்தது எழுபது பங்கு பெறும். அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. எண் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே இன்று அந்த எண் காசின் நிலையைத்தான் சொல்கிறது, விலையை அல்ல. உங்கள் வாட்ஸ்அப் நண்பர் இன்னும் 1949-லேயே இருக்கிறார் போல. (ஷெல்டன் இறந்த பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சுமாரானவற்றை வைத்திருக்கிறார். காசின் தரத்தை அவரளவுக்குப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் குறைவு என்பது மட்டும் நிச்சயம்.)

கிரேடிங் அறையில் நடப்பது ரொம்ப எளிமையானது. அனுப்பியவர் பெயர் இல்லாமல், பார்கோடு மட்டும் ஒட்டிய உறையில் காசு மேசைக்கு வரும். அறை மங்கலாக இருக்கும். மேசையில் ஒரே ஒரு விளக்கு. கிரேடர் காசின் விளிம்பை மட்டும் பிடித்து விளக்கின் கீழ் மெல்லச் சாய்ப்பார், திருப்பி மறுபக்கம் பார்ப்பார், எண்ணைப் பதிவுசெய்வார். சாதாரணக் காசுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்னொருவர் தனியே பார்த்து அவர் எண்ணைப் போடுவார். இறுதி முடிவு எடுப்பவர் இரண்டையும் வைத்துத் தீர்ப்புச் சொல்வார். அப்புறம் கூடு, புகைப்படம், கடைசிச் சரிபார்ப்பு. அனுபவம் உள்ள கண்களின் கருத்து அது, அவ்வளவுதான். அதே காசை மறுபடி அனுப்பினால் 63 என்றது 64 ஆக வருவதும் உண்டு. இதற்காகவே கூட்டை உடைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தச் சாய்ப்பில் அவர் எதைத் தேடுகிறார்? உங்கள் வீட்டுக் கதை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

காசு அச்சாகும்போது வெள்ளி பயங்கர அழுத்தத்தில் அச்சின் பள்ளங்களுக்குள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாகப் பரப்பில் நின்றுவிடும். புதுக் காசை விளக்கடியில் சாய்த்தால் இரண்டு ஒளிப் பட்டைகள் நடுவிலிருந்து கிளம்பி, மேசை விசிறியின் இறக்கை மாதிரிச் சுற்றிவருவது அந்த வரிகளால்தான். லஸ்டர் என்பது இதைத்தான். வெறும் பளபளப்பு வேறு, இது வேறு. நுண்வரிகள் ஒருமுறை போனால் போனதுதான். எந்த பாலிஷும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது.

விபூதி சாம்பல். அதில் உள்ள நுண்ணிய கடினத் துகள்கள் வெள்ளிக்கு அரம். குத்துவிளக்கு, சந்தனக்கிண்ணம் எல்லாம் அதில் பளிச்சென்று ஆகும், நானும் மறுக்கவில்லை. காசில் அது செய்கிற வேலையை நீங்களே பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்து, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரே ஒரு மேசை விளக்கைப் போடுங்கள். மேசையில் மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள், கை தவறினாலும் காசுக்கு ஒன்றும் ஆகாது. துலக்கிய எட்வர்டு ஒன்றையும் துலக்காத எட்வர்டு ஒன்றையும் அடுத்தடுத்து விளிம்பில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். துலக்காததில் கன்னமும் காதும் தேய்ந்து கொஞ்சம் வெளிறி, தலையைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பும் எழுத்துகளின் ஓரமும் சாம்பல் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு பல பத்தாண்டுகளாகக் காற்றிலிருந்த கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டானது. துலக்கியதில் மேடு, பள்ளம் எல்லாம் ஒரே வெள்ளை. ஒளி பட்டையாக ஓடாமல் மெல்லிய கீறல்களாக உடையும். கீறல்கள் உங்கள் கணவர் கை போன திசையிலேயே போகும். பின்பக்க எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தாலும் இருக்கும்.

கிரேடிங் நிறுவனம் இப்படிப்பட்ட காசை ‘போலி’ என்று திருப்பி அனுப்பாது. ஆனால் எண் கொடுக்காது. ‘அசல், விவரங்கள் இன்ன அளவு, ஆனால் துலக்கப்பட்டது’ என்று சீட்டில் எழுதிவிடும். இதற்கு டீடெயில்ஸ் கிரேடு என்று பெயர். சீட்டைப் பார்த்ததும் வாங்குகிறவர் பேரத்தைத் தொடங்கிவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவு செய்து நம் காசின் குறைக்கு நாமே சான்றிதழ் வாங்கிவருவதில் என்ன லாபம்?

துலக்குவது மட்டுமல்ல, இன்னும் சில குறைகள் நம் ஊர்க் காசுகளில் அடிக்கடி வரும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்திருப்பார்கள். விளிம்பில் பன்னிரண்டு மணி இடத்தில் வரிகள் மழுங்கி ஒரு தழும்பு தெரியும். நாணயம் மாற்றிக்கொடுத்த ஷராப்புகள் வெள்ளிதானா என்று சோதிக்கக் குத்திய சின்னக் குறி முகத்தின் மேல் இருக்கும். இவற்றுக்கும் அதே தீர்ப்புதான். உங்கள் 23-லும் விளிம்பை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

1862 லட்சம் போகும் என்பது யூடியூப் கதை. 1862 என்ற தேதி ஓர் ஆண்டின் தேதியே அல்ல; 1874 வரை அதே தேதியைப் போட்டு அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் ஊரெல்லாம் 1862 கிடைக்கிறது. தேதியைச் சுற்றியிருக்கும் நுண் புள்ளிகளின் எண்ணிக்கை, ராணியின் உருவ வேறுபாடு இவற்றை வைத்துச் சில ரகங்களை அரிது என்று தேடுகிறவர்கள் உண்டு. ஒரு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி) வைத்துப் புள்ளிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களிடம் உள்ள இரண்டும் துலக்கியவை. சாதாரண ரகமாக இருந்தால் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம், அவ்வளவே. எம்ப்ரஸ் ஆறும் 1877 முதல் வந்தவை. ராணி பேரரசியான பிறகு எழுத்து மாறியது. அவையும் எட்வர்டும் புழங்கிய நிலையில் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்.

1911 கதை வேறு. அரசரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை உருவம் உண்டு. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். 94 லட்சம் அடித்ததில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போனதாகச் சொல்வார்கள். ஆகவே இதற்கு உங்களிடம் உள்ள மற்ற ஐந்தாம் ஜார்ஜ் காசுகளைவிட எப்போதும் கூடுதல் விலை உண்டு, துலக்கினாலும்கூட. அந்த யானையின் முதுகும் தும்பிக்கையும்தான் இந்தக் காசில் முதலில் தேயும் இடம். லூப்பில் பாருங்கள். தும்பிக்கை தனியாகத் தெரிந்தால் நல்ல காசு. மொத்தமும் ஒரு மேடாக மழுங்கியிருந்தால் சுமார்.

1918, 1919 காசுகள் விலையில் சாதாரணம், வரலாற்றில் அல்ல. முதல் உலகப் போரில் வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்து, காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி கேட்டு மக்கள் வரிசையில் நின்ற நேரம். அமெரிக்கா 1918-இல் பிட்மேன் சட்டம் போட்டு 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. 1918-இல் மட்டும் பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. உருகிப்போனவை பெரும்பாலும் மார்கன் டாலர்கள். இன்று அமெரிக்கர்கள் விழுந்து விழுந்து கிரேடிங்குக்கு அனுப்புவது அதே மார்கன் டாலரைத்தான். அதன் தம்பிகள் உங்கள் மாமியார் முடிச்சில் இருக்கலாம் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் வருகிறது. இவ்வளவு அடித்ததால்தான் விலை இல்லை.

புலி போட்ட 1947 வெள்ளியே அல்ல, நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டும். அழகான காசு, ஏராளமாகக் கிடைப்பது.

ராமர் பட்டாபிஷேகச் செப்புக் காசைப் பற்றிச் சொன்னால் மனம் கஷ்டப்படக் கூடாது. அது காசே அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தெய்வ உருவம் பதித்த பொற்காசுகளை மதராஸில் அடித்தது உண்மைதான். நட்சத்திர வராகனில் விஷ்ணு உண்டு. ஆனால் கம்பெனியின் செப்புக் காசான அரை அணாவில் இருப்பது கம்பெனியின் சின்னம். ராமர் தர்பார் போட்ட அரை அணாவைக் கம்பெனி புழக்கத்துக்கு வெளியிட்டதே இல்லை. 1818, 1616 என்று வாய்க்கு வந்த தேதி போட்டு இந்தக் காலத்தில் அடித்து விற்கும் பூஜைப் பொருள் அது. ‘அரிசியை இழுக்கும்’ என்றெல்லாம் கதை கட்டி இதில் ஏமாந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் நிறைய. பூஜை அறையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் இருப்பது தேதியில் கறை உள்ள ஆறாம் ஜார்ஜ். உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட வரி அதுதான். 1938 என்றால் சாதாரணம். 1939 பம்பாய் ரூபாய் என்றால் ஆங்கிலேய இந்தியாவின் மிக அரிய வெள்ளி ரூபாய்களில் ஒன்று. அரிது என்பதால் போலியும் அதிகம். எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவது பழைய வித்தை. ஆகவே நம்பிக்கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு, வரிசையாக இதைச் செய்யுங்கள்.

கறையைத் தொடாதீர்கள். எலுமிச்சை, புளி, பல்பொடி, சோடா எதுவும் வேண்டாம். கணவரிடம் இந்த ஒன்றை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துச் சாய்த்தால் கறைக்கு அடியில் உள்ள எண்ணின் மேடு நிழலாகத் தெரியும். அதுவே பெரும்பாலும் போதும்.

ஒன்பது மாதிரித் தெரிந்தால் எடை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும். 11.66 கிராமுக்கு வெகு அருகில் இருக்க வேண்டும். பிறகு, தராசின் மேல் ஒரு தம்ளரில் காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய பருத்தி நூலில் தொங்கவிட்டு, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். 1938, 1939 காசுகள் பழைய 91.7 சதவீத வெள்ளி, தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 1940 முதல் 1945 வரை வெள்ளி பாதிதான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம்; அது 1.22 அளவில் நிற்கும். 1940-களின் காசில் தேதியை மாற்றியிருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும். 1938-ஐ 1939 ஆக்கியிருந்தால் எடை காட்டிக்கொடுக்காது. அதற்கு அனுபவக் கண் வேண்டும். எண்ணின் அடியில் அச்சின் நுண்வரி இயல்பாக ஓடுகிறதா, அல்லது உளி பட்ட இடம் வழுவழுவென்று இருக்கிறதா என்று பார்ப்போம். காசை வெளியே எடுத்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

நகைக்கடைக்குக் கொண்டுபோனால் பழக்கதோஷத்தில் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிடுவார்கள்; விளிம்பு போய்விடும். கேரட் மீட்டரால் கீறல் விழாது, ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். பாதி வெள்ளிக் காசின் மேல்தோலில் வெள்ளி அதிகமாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. தண்ணீர்க் கணக்கே மேல்.

உங்கள் 23 காசில் கிரேடிங்குக்குப் பணம் செலவழிக்கத் தகுதியானது இந்த ஒன்று மட்டுமாக இருக்கலாம், அதுவும் 1939 ஆக இருந்தால்தான். அங்கே 30 கிடைத்ததா 45 கிடைத்ததா என்பதைவிட ‘அசல்’ என்ற சொல்தான் காசு பெறும். முகம் தெரியாதவர் பெரிய தொகை கொடுக்க முன்வருவது அந்த உறுதியை நம்பித்தான். மற்றபடி கிரேடு எண் விலையை மாற்றுவது உச்சியில்தான்: புழக்கத்துக்கே வராத காசில் 63-க்கும் 65-க்கும் நடுவே பெரிய விலை வித்தியாசம் வரும். கை மாறி மாறித் தேய்ந்த எம்ப்ரஸ் ரூபாய்க்கு 25 வந்தால் என்ன, 30 வந்தால் என்ன? கட்டணம், இரு வழிக் கூரியர், காப்பீடு, நடுவில் இருப்பவர் கமிஷன் எல்லாம் சேர்ந்து காசுக்குச் சில ஆயிரம் ஆகிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வாட்ஸ்அப் நண்பர் கேட்கிற தொகை 23 காசுக்கு 1,26,500 ரூபாய். இதைக் கொடுக்காதீர்கள். நாளைக்கு வேறொருவர் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டும் வரலாம், பழைய காசு வாங்குகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று. அப்படிக் கட்டணமோ கமிஷனோ தாங்கள் கேட்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. ஏற்கெனவே ஸ்லாபில் உள்ள காசை யாராவது காட்டினால், சீட்டில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையில் உள்ள காசும் ஒன்றுதானா என்று பாருங்கள். போலிக் காசைப் போலிக் கூட்டில் வைத்து விற்கிறவர்களும் உண்டு. கேள்விப்படாத பெயரில் 70 என்று அச்சடித்த பிளாஸ்டிக் பெட்டிக்கு, உள்ளே இருக்கும் காசின் விலையை மட்டும் கொடுங்கள்.

நூறு ஆண்டு தாண்டிய காசுகளை இந்தியாவுக்குள் தாராளமாக விற்கலாம், வாங்கலாம். (மண்ணுக்குள்ளிருந்து எடுத்திருந்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும், டிரங்குப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.) விற்கும் எண்ணம் இருந்தால், மும்பை, பெங்களூரு, அகமதாபாத்தில் நடக்கும் நாணய ஏலங்களின் பழைய முடிவுகளைப் பாருங்கள், உங்கள் காசின் நிலையில் உள்ளது உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பது தெரியும். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி கண்காட்சி நடத்தும்போது வந்தால் நாலு பேரிடம் காட்டி நாலு கருத்து கேட்கலாம். எந்தப் பேரத்திலும் அடிமட்ட விலை உங்கள் கையில் இருக்கட்டும்: பழைய ரூபாய் ஒன்றில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி, 1940-களின் காசில் 5.8 கிராம். தேய்மானம் போகவும் மொத்தம் 220 கிராம் அளவு தேறும். அன்றைய வெள்ளி விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கேட்கிறவரிடம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அதுவரை காசுகளை மஞ்சள் துணியில் மறுபடி முடியாதீர்கள்; துணியைத் தனியாக வையுங்கள். மெத்தென்று வளையும் பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பைக் காசில் ஏற்றும். விறைப்பான மைலார் உறை கிடைக்கும், அதில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். செய்தித்தாள், ரப்பர் பேண்டு இரண்டும் கூடாது, இரண்டிலும் கந்தகம். துலக்கிய ஆறிலும் பொடி ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி ஒற்றி எடுத்துவிட்டு, விட்டுவிடுங்கள். கறுக்க வேண்டும் என்று அவித்த முட்டை வைத்தியம் எல்லாம் செய்யாதீர்கள், செயற்கையாக வந்த நிறத்தையும் கிரேடர்கள் குறை என்றுதான் எழுதுவார்கள்.

கறை உள்ள அந்த ஆறாம் ஜார்ஜின் இரு பக்கத்தையும் விளிம்பையும், ஒரே விளக்கில் இரண்டு மூன்று சாய்வுகளில் படம் எடுத்து, எடையையும் தண்ணீர்க் கணக்கையும் குறித்து அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.